மேக்கப் ஆர்ட்டிஸ்ட் ஆக ஆசை: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி இது: "இரண்டு மூன்று வருடமாக வீடியோ பார்த்து மேக்கப் போடப் பழகியிருக்கிறேன். தோழிகளுக்கும் போட்டுவிடுகிறேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா? எந்தக் கோர்ஸ் சேர வேண்டும், என்ன கிட் வாங்க வேண்டும், எப்போது சம்பாதிக்க ஆரம்பிக்கலாம்?"

கோர்ஸையும் கிட்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன் ஒரு கணக்கு வேண்டும். உங்கள் முகத்தைச் சேர்க்காமல், இதுவரை எத்தனை பேருக்கு முழு மேக்கப் போட்டிருக்கிறீர்கள்? அதில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? பரு நிறைந்த முகம் எத்தனை? உங்களைவிட நன்றாகக் கருத்தவர், நன்றாக வெளுத்தவர் யாராவது உண்டா? பெரும்பாலும் ஐந்தாறு தோழிகள், எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது என்றுதான் பதில் வரும். எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஆனால் தொழிலாக எடுப்பதென்றால் முதலில் கூட வேண்டியது அந்த எண்ணிக்கைதான். காசு வாங்குவதற்கு முன் குறைந்தது ஐம்பது முகமாவது பாருங்கள் என்பேன். அந்த ஐம்பதும் ஐம்பது விதமாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தனக்குப் போட்டுக்கொள்வதும் அடுத்தவருக்குப் போட்டுவிடுவதும் வேறு வேறு வேலை. உங்கள் கண் எங்கே மடியும், எந்த ஐலைனர் எரியும், எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், கை தானாகப் போய்விடும். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இமை பிரஷ் பட்டவுடன் துடிக்கும், கண்ணில் நீர் கோக்கும். வலித்தாலும் பலர் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். வலது கண்ணுக்குக் கோடு இழுத்த கை, இடது கண்ணுக்கு வரும்போது கோணம் மாறித் தடுமாறும். போதாக்குறைக்கு யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருப்பதில்லை. திறந்திருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்றால், மூடியிருக்கும்போது இரண்டையும் வேறு வேறாக வரைய வேண்டியிருக்கும்.

வயதானவரின் கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் இமைத் தோல் தளர்ந்து மடிப்பின் மேல் இறங்கியிருக்கும். கண்ணை மூடச் சொல்லி, மடிப்பில் அழகாக ஷேடோ வைத்து, நன்றாகக் கலந்துவிடுவீர்கள். அவர் கண்ணைத் திறந்ததும் போட்டது எதுவுமே தெரியாது, எல்லாம் உள்ளே போய்விட்டிருக்கும். இப்படிப்பட்ட கண்ணுக்கு, அவரை நேராகப் பார்க்கச் சொல்லி, திறந்த கண்ணிலேயே, இயற்கை மடிப்புக்குச் சற்று மேலே நிழலை வைக்க வேண்டும். மினுமினுப்பான ஷேடோ சுருக்கத்தை எடுத்துக் காட்டும் என்பதால் மேட் நிறம்தான் பாதுகாப்பு. கண்ணுக்குக் கீழே பவுடரை அப்பினால் அரை மணி நேரத்தில் ஒவ்வொரு சுருக்கமும் கோடாக நிற்கும். அங்கே கருமையை மறைக்கப் போடும் கன்சீலரே மெல்லியதாக இருக்க வேண்டும், பவுடர் சின்ன பிரஷ்ஷில் தொட்டும் தொடாமலும் போதும். இந்த ஒரு கண்ணில் கற்கிற பாடம், இருபது வயதுக்காரிகளை மாதிரியாக வைத்து எடுக்கிற நூறு வீடியோவில் கிடைக்காது. உங்கள் அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி யாராவது ஒரு மணி நேரம் உட்காரச் சம்மதித்தால் பெரிய உதவி.

அடுத்தது நிறம். இந்தத் தொழிலில் நிற்பவர்களையும் நிற்காதவர்களையும் பிரிக்கிற இடம் இதுதான் என்பது என் கருத்து.

எந்த ஃபவுண்டேஷன் பாட்டிலை எடுத்தாலும் அதற்கு நிறம் தருவது பெரும்பாலும் நாலே பொருள். வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்ஸைடு, பிறகு மஞ்சள், சிவப்பு, கறுப்பு அயர்ன் ஆக்ஸைடுகள். கடையில் பார்க்கிற ஷேடுகளில் அநேகமாக எல்லாமே இவற்றின் விகிதம் மாறுவதால் வருவதுதான். இதைப் புரிந்துகொண்டால் நாற்பது பாட்டில் வாங்க வேண்டிய அவசியம் போய்விடும். நன்றாக வெளுத்த ஷேடிலிருந்து நன்றாகக் கருத்த ஷேடு வரை ஐந்தாறு, கூடவே மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கலக்கும் சொட்டுகள் கொஞ்சம் இருந்தால், ஸ்டீல் தட்டில் கலந்து அநேகமாக எல்லா முகத்துக்கும் கொண்டுவந்துவிடலாம்.

ஷேடு பார்க்கிற இடம் மணிக்கட்டு கிடையாது. கன்னம் முடிந்து கழுத்து தொடங்குகிற தாடை ஓரத்தில் மூன்று ஷேடை அடுத்தடுத்துக் கோடாக இழுங்கள். அவரை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். எந்தக் கோடு தோலோடு கரைந்து காணாமல் போகிறதோ அதுதான் அவருடையது. உடனே முடிவு செய்துவிடாமல் பத்து நிமிடம் விடுங்கள், ஏனென்றால் சில ஃபவுண்டேஷன் தோலின் எண்ணெயோடு சேர்ந்து ஒரு படி கருத்துவிடும். பிறகு கழுத்தையும் மார்பின் மேல்பகுதியையும் பாருங்கள். வெயிலில் முகம் மட்டும் கருத்திருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு முகத்தைப் பார்த்து ஷேடு எடுத்தால் ஃபோட்டோவில் தலை தனியாக ஒட்டவைத்தது போலத் தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கருத்த தோலுக்கு இரண்டு ஷேடு வெளுப்பாகப் போடும் பழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். கேட்பவர்கள் இருப்பார்கள், "கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்" என்பார்கள். வெளுத்த ஷேடில் வெள்ளைப் பொருள் அதிகம், அது கருத்த தோலின் மேல் படிந்தால் வருவது சாம்பல் நிறம். அரங்க விளக்கில் சமாளித்தாலும் வெளிச்சத்துக்கு வந்ததும் முகம் செத்துப்போய்த் தெரியும். அவருடைய ஷேடையே போட்டு, ஒளி விழ வேண்டிய இடத்தில் ஒளியும் கன்னத்தில் நல்ல அடர்ந்த பிளஷ்ஷும் வைத்துக் கண்ணாடியைக் காட்டுங்கள். தன் நிறத்திலேயே தன்னை அழகாகப் பார்க்கிற ஒருவரின் முகத்தில் வருகிற மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது இந்தத் தொழிலின் பெரிய சந்தோஷம்.

கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்துக்கும் இதே கணக்குத்தான். நீலம் கலந்த கருமையின் மேல் நேராக வெளுத்த கன்சீலர் போட்டால் சாம்பல் பூக்கும். நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. வெளுத்த தோலுக்குப் பீச், மாநிறத்துக்கு ஆரஞ்சு, நன்றாகக் கருத்த தோலுக்குச் செம்மை கூடிய ஆரஞ்சு என்று கரெக்டரை முதலில் மெல்லத் தட்டிவிட்டு, அதன் மேல் தோல் நிறக் கன்சீலர் போட வேண்டும். கருமை உள்ள இடத்தில் மட்டும் தட்டுங்கள். கன்னம் வரை இழுத்தால் மேலே என்ன போட்டாலும் ஆரஞ்சு எட்டிப் பார்க்கும்.

இனி சுத்தம். தோழிகளுக்குப் போடுகிறவருக்கும் தொழில்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை, விவரம் தெரிந்த வாடிக்கையாளர் முதல் இரண்டு நிமிடத்தில் இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். கண்ணில் பரவும் கிருமி, உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பீஸ் வைரஸ் இரண்டும் ஒரே மஸ்காரா, ஒரே லிப்ஸ்டிக் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடியவை. அதனால் லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்க்கக் கூடாது. ஸ்பாட்டுலாவால் சுரண்டித் தட்டில் வைத்து, அங்கிருந்து பிரஷ்ஷில் எடுக்க வேண்டும். மஸ்காராவுக்கு ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடும் குச்சிகள் கிடைக்கின்றன. ஒரு தடவை இமையில் பட்ட குச்சி மறுபடி குப்பிக்குள் போகக் கூடாது, இன்னொரு கோட் வேண்டுமென்றால் புதுக் குச்சிதான். கிரீம் டப்பாவுக்குள் விரல் போகக் கூடாது. பென்சிலை ஒவ்வொருவருக்கும் சீவி, சீவிய முனையில் ஆல்கஹால் அடிக்க வேண்டும்.

ஆல்கஹால் என்றதும் 99 சதவீதம் வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைப்பார்கள். கிருமியைக் கொல்ல 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் சரி. கிருமியின் புரதம் குலைவதற்குத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும், 99 சதவீதம் அந்த வேலை முடிவதற்குள் ஆவியாகிவிடும். பிரஷ்ஷை ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சோப்புப் போட்டுக் கழுவி, முடி கீழ்நோக்கியோ படுக்கையாகவோ இருக்கும்படி காயவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுவிடும், சீக்கிரமே முடி கொட்டத் தொடங்கும். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படத்துக்குள் 6எம், 12எம் என்று போட்டிருப்பது, திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதற்கான குறி. திறந்த அன்றே தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒவ்வாமையையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பொய் இமைமுடி ஒட்டுகிற பசை பலவற்றில் லேடெக்ஸ் இருக்கும், அது ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னதாகக் காதுக்குப் பின்னாலோ முழங்கை உள்பக்கமோ கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் சிவந்து பூளை தள்ளியிருந்தால், உதட்டில் கொப்புளம் இருந்தால், அந்த இடத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லும் தைரியம் வேண்டும். அது என்ன நோய் என்று நாம் சொல்லக் கூடாது, மருத்துவரைப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கிட் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆசை ஆசையாக எல்லோரும் முதலில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். மேலே சொன்ன ஃபவுண்டேஷன்கள், கன்சீலர் பேலட் ஒன்று, கரெக்டர் பேலட் ஒன்று, நிறமில்லாத பவுடர், நடுத்தர நிறங்களும் கறுப்பும் உள்ள மேட் ஷேடோ பேலட் ஒன்று, லிப் பேலட் ஒன்று, பதினைந்து நல்ல பிரஷ், ஸ்டீல் தட்டு, ஸ்பாட்டுலா, தூக்கிப் போடும் சாமான்கள். பிரபல பிராண்டின் பெயர் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் விளக்குக்குச் செலவழியுங்கள். பகல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், 5000 முதல் 5600 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள விளக்கு. மஞ்சள் பல்பின் கீழ் போட்ட பிளஷ் வெளியே வந்ததும் எப்படித் தெரியும் என்று ஒரு தடவை பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

கேமராவுக்குத் தனிப் புத்தி வேண்டும். சிலிக்கா அதிகமுள்ள வெள்ளைப் பவுடர் கண்ணுக்குத் தெரியாது, ஃப்ளாஷ் அடித்ததும் மூக்கும் கண்ணடியும் மட்டும் வெள்ளையாக ஜொலிக்கும். முடித்ததும் உங்கள் ஃபோனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். எந்த இடத்துக்கான மேக்கப் என்பதுதான் இந்தத் தொழிலில் பழைய கேள்வி. நாடக மேடைக்கு இருந்த தடித்த கிரீஸ் பெயிண்ட் சினிமா க்ளோசப்பில் வெடித்துத் தெரிந்ததால்தான் 1914-ல் ஹாலிவுட் மேக்கப் கலைஞர் மேக்ஸ் ஃபேக்டர் சினிமாவுக்கென்றே மெல்லிய கிரீமாக ஒன்றைச் செய்தார். கலர் படம் வந்தபோது அதுவும் ஒத்துவராமல், 1930-களின் பிற்பகுதியில் ஈரப் பஞ்சால் தொட்டுப் போடும் பான்-கேக் வந்தது. மணமகள், ஃபேஷன், டிவி, சினிமா, நாடகம், காயமும் வயோதிகமும் உருவாக்குகிற ப்ராஸ்தெடிக்ஸ் என்று இன்றைக்கும் ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. சினிமாவில் மூன்று வாரம் கழித்து எடுக்கிற அடுத்த ஷாட்டில் அதே தழும்பு அதே இடத்தில் இருக்க வேண்டும், அதற்குக் கன்டினியுட்டி படங்களும் குறிப்பும் வைத்திருக்க வேண்டும். மணமகள் மேக்கப்பில் அழுகையையும் வியர்வையையும் பத்து மணி நேரத்தையும் தாங்க வேண்டும். முதலில் ஒன்றில் காலூன்றுங்கள்.

கோர்ஸ் சேரலாமா? சேரலாம், சில கேள்விகளைக் கேட்டுவிட்டு. ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? பயிற்சிக்கு வெளியிலிருந்து மாடல் வருகிறார்களா, அல்லது மாணவிகள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வதா? கருத்த தோல், வயதான தோல், பரு உள்ள தோல் மூன்றிலும் கை வைக்கவிடுகிறார்களா? சுத்தத்துக்குத் தனி வகுப்பு உண்டா? சொல்லிக்கொடுப்பவர் இப்போதும் வேலை பார்க்கிறாரா? இதற்கெல்லாம் நேரான பதில் வராமல் சான்றிதழையும் இலவச கிட்டையும் பற்றியே பேசினால் வேறு இடம் பாருங்கள். சில நாடுகளிலும் மாகாணங்களிலும் காசு வாங்கி மேக்கப் போட உரிமம் கட்டாயம், அதற்குக் குறிப்பிட்ட மணி நேரப் பயிற்சி வேண்டும். நீங்கள் இருக்கிற இடத்தின் விதியை முதலில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் கோர்ஸுக்குக் கட்டிய பணம் எதற்கும் உதவாது.

என்னைக் கேட்டால் நீளமான கோர்ஸைவிட, அடிப்படைக் கோர்ஸ் ஒன்றை முடித்துவிட்டு அனுபவசாலி ஒருவரிடம் உதவியாளராகப் போவது மேல். ஹாலிவுட் மேக்கப் கலைஞர் ரிக் பேக்கர், இளம் வயதில் அதே துறையின் மூத்தவரான டிக் ஸ்மித்தின் கீழ் வேலை கற்றவர். மேக்கப்புக்கெனப் போட்டிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டு 1982-ல் அதற்கான முதல் ஆஸ்கரைப் பெற்றவர் பேக்கர்தான். உதவியாளரின் வேலை பிரஷ் கழுவுவது, தட்டைத் துடைப்பது, சாமான் எடுத்துக் கொடுப்பது. அதைச் செய்துகொண்டே, உங்களுக்குக் கற்றுத்தருபவர் தாமதமாக வந்த மணமகளை எப்படி அமைதிப்படுத்துகிறார், குறை சொல்கிற அத்தைக்கு என்ன பதில் சொல்கிறார், நேரம் போதாதபோது எதை விட்டுவிடுகிறார் என்று பாருங்கள். அங்கே இருக்கும்போது அவருடைய வாடிக்கையாளரிடம் உங்கள் நம்பரைக் கொடுக்காதீர்கள், அவரைக் கேட்காமல் படம் போடாதீர்கள். இந்த இரண்டையும் காப்பாற்றுகிற உதவியாளருக்கு, தன்னால் போக முடியாத வேலைகளை அவரே அனுப்பிவைப்பார்.

போர்ட்ஃபோலியோவுக்குப் பத்துப் படம் போதும், ஆனால் ஃபில்டர் போட்ட படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தோலின் துவாரம் தெரிகிற படத்தைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர் நம்புவார். மேக்கப்புக்கு முன், பின் இரண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிற ஃபோட்டோகிராஃபருக்கும் மாடலுக்கும் உங்களைப் போலவே படம் தேவை. மூவரும் சேர்ந்து, யாரும் யாருக்கும் காசு கொடுக்காமல் ஒரு நாள் வேலை செய்தால் எல்லோருக்கும் படம் கிடைக்கும். யாருடைய படமானாலும் பொதுவில் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கட்டணம் சொல்லத் தயங்கி நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள். முகத்தில் வேலை செய்கிற ஒன்றரை மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். விசேஷத்துக்கு முன் ஒத்திகையாகப் போட்டுப் பார்க்கும் ட்ரையலுக்குப் போன நேரம், பயணம், திரும்பி வந்து பிரஷ் கழுவிய நேரம், இரவு பதினொரு மணிக்கு வந்த மெசேஜ்களுக்குப் பதில் சொன்ன நேரம், தீர்ந்துபோன சாமான் எல்லாவற்றையும் கூட்டி ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். தேதியைப் பிடித்துவைக்க அட்வான்ஸ் வாங்குங்கள், ரத்தானால் என்ன, தேதி மாறினால் என்ன, கூடுதலாக இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் என்ன என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். இலவசமாகப் போடுவது பயிற்சிக் காலத்தோடு முடிய வேண்டும். "உனக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று சொல்லி வருகிறவர்கள், அடுத்த விசேஷத்துக்கும் அதே விலைக்குத்தான் கூப்பிடுவார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைத் தொடுகிறோம் என்பதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. தொடுவதற்கு முன் சொல்லுங்கள்: "இப்போது கண்ணுக்குக் கீழே வருகிறேன், மேலே பாருங்கள்." அவர் கேட்காதவரை அவர் முகத்தில் எதுவும் குறை கிடையாது. "பரு நிறைய இருக்கே", "உதடு ரொம்பக் கருப்பு" போன்ற பேச்சே வரக் கூடாது. எதை மறைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். நீங்கள் மறைக்க நினைக்கிற மச்சம் அவருக்குப் பிடித்ததாக இருக்கலாம்.

உடம்பையும் பாருங்கள். தாழ்ந்த நாற்காலியில் உட்காரவைத்துக் குனிந்தே போட்டால் சில வருடங்களில் இடுப்பும் கழுத்தும் பழிவாங்கும். உயரமான, மடக்கிக் கொண்டுபோகக்கூடிய நாற்காலி கிட்டின் ஒரு பகுதி.

எப்போது சம்பாதிக்கலாம் என்று கேட்டீர்கள். ஐம்பது முகம் முடிந்து, உங்கள் வேலையைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தும் திருப்தியாக இருந்தால் சிறிய கட்டணத்தில் தொடங்கலாம். இப்போது கையில் இருக்கிற வேலையை உடனே விட வேண்டாம். மேக்கப் வேலை பெரும்பாலும் வார இறுதியிலும் விசேஷ நாட்களிலும்தான் வரும், கொஞ்ச காலம் இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியும். நண்பர்களும் சொந்தக்காரர்களும் தருகிற வேலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பின் தெரியாதவர்கள், நீங்கள் போட்டுவிட்ட யாரையோ பார்த்துவிட்டுத் தாங்களாகவே கூப்பிடுவது ஒரு வருடம் முழுவதும், திருமணங்கள் குறைகிற மாதங்களிலும் நிற்காமல் நடந்து, அந்த வருமானத்தில் மாதச் செலவு போய்ச் சாமான் வாங்கவும் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் ராஜினாமா எழுதலாம்.